குழிக்கு எத்தனை முத்து?

பல்லாங்குழியில் ஒரு குழிக்கு எத்தனை முத்து போட வேண்டும்? இந்தக் கேள்வியில் எங்கள் நிறுவனம் நான்கு மாதம் நின்றது. நிறுவனம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். நாகர்கோவில் வடசேரியில் ஒரு வீட்டின் மாடி அறை, நானும் என் சித்தி மகளும், ஒரு தராசு, கூரை வரை அட்டைப்பெட்டி, ஒரு ஜிஎஸ்டி எண். பலகை விளையாட்டுகள் செய்து விற்கிறோம். பல்லாங்குழி, தாயம், அடுத்ததாக ஆடுபுலி. மரவேலை உள்ளூர் ஆசாரி, அச்சுவேலை சிவகாசி. ஆயிரம் பெட்டிக்குக் குறைந்தால் அச்சகத்தில் யாரும் நம் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்கள். எங்களுக்கோ முந்நூறு பெட்டி விற்கவே ஒரு வருடம் ஆகிறது. லாபத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

பலகை தயார், பெட்டி தயார். உள்ளே வைக்கவேண்டிய ஒற்றைத் தாள்தான் தயாராகவில்லை. 'எப்படி ஆடுவது' என்ற தாள்.

எனக்குத் தெரிந்த ஆட்டத்தை எழுதிவிட்டால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன். என் அம்மையிடம் வாசித்துக் காட்டினேன். "இது உங்க அப்பா வீட்டு ஆட்டம். எங்க வீட்டுல இப்பிடி இல்ல" என்றாள். அங்கிருந்துதான் அலைச்சல் தொடங்கியது. கோட்டாறு, பூதப்பாண்டி, தக்கலைப் பக்கம் என்று பத்தொன்பது வீடுகளில் வயதானவர்களோடு உட்கார்ந்து ஆடினோம், போனில் பதிவு செய்தோம். சில வீடுகளில் குழிக்கு ஐந்து. சில வீடுகளில் ஆறு. ஒரு வீட்டில் பன்னிரண்டு, நடுக்குழி இரண்டும் காசி, அதில் தனிக் கணக்கு. விதைத்துக்கொண்டே போய் வெறுங்குழி வந்தால் அதை விரலால் துடைத்துவிட்டு அடுத்த குழியை அள்ள வேண்டும். அது எல்லாருக்கும் பொது. அந்தக் குழிக்கு எதிர்க்குழியையும் சேர்த்து அள்ளலாமா என்பதில் சண்டை. குழியில் நான்கு சேர்ந்தால் பசு. பசு யாருக்கு? "யாரு பக்கத்துல நிக்குதோ அவளுக்கு" என்றார் ஒருவர். "யாரு மொதல்ல பாக்காளோ அவளுக்கு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இத்தனைக்கும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஊருக்கு ஒரு வழக்கம் இருக்கும் என்று நினைத்துப் போனோம். வீட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அதுவும் கல்யாணம் ஆகி வந்தவளோடு இன்னொரு வழக்கம் வந்து கலந்திருந்தது.

பூதப்பாண்டியில் எண்பது தாண்டிய ஒரு ஆச்சியிடம் நான் சலித்துப்போய்க் கேட்டேன். "இதுல எதுதான் ஆச்சி சரி?"

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "சரின்னா? ஆடதுக்கு முன்னால ரெண்டு பேரும் பேசிக்கிட வேண்டியதுதானே பிள்ளே?"

இந்த பதிலை எப்படி அச்சடிப்பது?

தேவநேயப் பாவாணர் 1954-இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' எழுதியபோது அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. சீதைப்பாண்டி உட்படப் பல வகைகளை அவர் வரிசையாகச் சொல்லிப் போகலாம். மைசூரை ஆண்ட மும்முடி கிருஷ்ணராஜ உடையார் 19-ஆம் நூற்றாண்டில் பலகை ஆட்டங்களை ஓவியத்தோடு ஏட்டில் ஏற்றினார். அவர் ராஜா, அவர் வைத்ததுதான் விதி. ஆய்வாளர் பட்டியலிடலாம், ராஜா கட்டளையிடலாம். பெட்டியில் போட்டு விற்கிறவர்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். சென்னையில் 2002 முதல் வினிதா சித்தார்த்தாவின் 'கிரீடா' இந்த வேலையைச் செய்கிறது. பல்லாங்குழியைக் கடையில் காசு கொடுத்து வாங்கலாம் என்பதே என் தலைமுறையில் பலருக்கு அவர்களால் தெரிந்ததுதான். தாயக்கட்டையை அருங்காட்சியகத்தில் வைப்பதைவிட விலை போட்டு விற்பது அதற்குச் செய்யும் மரியாதை என்று நம்புகிறவள் நான். எனவே, எழுதலாமா வேண்டாமா என்பது என் கேள்வி அல்ல. எழுதினால் என்ன ஆகிறது என்பதுதான்.

தாளை விடுங்கள், பலகையே ஒரு விதிதான் என்பதை ஆசாரிதான் சொல்லிக் கொடுத்தார். அயனிப் பலகையைக் கடைசல் போடும்முன் கேட்டார்: "காசிக்குழியைப் பெருசா எடுக்கவா, எல்லாம் ஒரே அளவா?" பெரிதாக எடுத்தால் காசி வைத்து ஆடாத வீட்டுக்கு அந்தப் பலகை தப்பு. ஒரே அளவாக எடுத்தால் காசி வைத்து ஆடும் வீட்டில், நடுக்குழி நிரம்பி வழியும். மண்ணில் குழி பறித்து ஆடியவரைக்கும் இது ஒரு பிரச்சினையே இல்லை. கையால் இன்னும் கொஞ்சம் தோண்டினால் போயிற்று. 14 குழியையும் ஒரே அளவாக எடுக்கச் சொன்னோம். குழிக்கு ஐந்து என்று முடிவு செய்தோம். பெரும்பாலான வீடுகள் ஐந்து சொன்னது ஒரு காரணம். இன்னொரு காரணம், எழுபது மஞ்சாடி விதை கொள்ளும் சுருக்குப்பை எங்களுக்கு மலிவாகக் கிடைத்தது. எண்பத்து நான்கு என்றால் அடுத்த அளவுப் பை.

முதல் முந்நூறு பெட்டி அப்படித்தான் போனது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு போன். பெங்களூரில் வேலை பார்க்கும் நம்ம ஊர் அக்கா ஒருவர். நிறையப் பாராட்டினார். லீவுக்கு ஊருக்கு வந்தபோது அவருடைய ஒன்பது வயது மகள் அப்பாவின் அம்மாவோடு ஆடியிருக்கிறாள். ஆச்சி ஆறு ஆறாக எண்ணிப் போட ஆரம்பித்ததும் பிள்ளை தாளை எடுத்து நீட்டி, "ஆச்சி, நீங்க தப்பா ஆடுறீங்க, இதுல அஞ்சுன்னுதான் போட்டிருக்கு" என்றதாம். "பாருங்க, உங்க தாள் எவ்வளவு தெளிவா இருக்குன்னு!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அந்த ஆச்சியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அறுபது வருடமாக ஆடிய ஆட்டத்தில் திடீரென்று ஒரு நாள் ஒருவர் 'தப்பாக ஆடுகிறவர்' ஆகிறார். ஆக்கியது ஒரு சுருக்குப்பையின் அளவு.

ழான் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர், குழந்தைகளின் நீதியுணர்வைப் பற்றி 1932-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதற்காக அவர் பெரிதாக எதையும் கட்டவில்லை. ஜெனீவாவிலும் நியூஷாடெலிலும் கோலி ஆடும் பையன்களிடம் போய், "எனக்கும் சொல்லிக் கொடு, எப்படி ஆடணும்?" என்று கேட்டார். பிறகு, "இந்த விதியை யார் போட்டது? மாற்றலாமா?" என்று கேட்டார். சின்னப் பிள்ளைகள் மாற்றவே முடியாது என்றார்கள். அப்பா போட்டது, பெரியவர்கள் போட்டது, கடவுள் போட்டது. (வேடிக்கை என்னவென்றால் இவர்கள்தான் ஆடும்போது எந்த விதியையும் மதிக்காமல் இஷ்டத்துக்கு ஆடினார்கள்.) பத்து வயது தாண்டியவர்கள், எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். அவர்கள்தான் ஆடும்போது விதியை மீறாதவர்கள். விதி நம்முடையது என்று தெரிந்த பிறகுதான் அதைக் காப்பாற்றத் தோன்றுகிறது.

பூதப்பாண்டி ஆச்சி இந்த இரண்டாவது படியில் நிற்பவர். எங்கள் தாள் அந்தக் குழந்தையை முதல் படியில் நிறுத்தி வைத்தது. இனி விதி தாளில் இருக்கிறது. பேசிக்கொள்ள ஒன்றுமில்லை.

தாளுக்கு எல்லா இடத்திலும் இந்த வலு இருக்கிறதா என்றால், இல்லை. ஊனோ சீட்டை விற்கும் கம்பெனி 2019 மே மாதம் ட்விட்டரில், ஒருவர் +4 போட்டால் அதன்மேல் +2 போட்டு அடுத்தவர் தலையில் கட்ட முடியாது என்று அறிவித்தது. உலகமே திரண்டு, எங்களுக்கு ஆடச் சொல்லித்தர நீ யார் என்று கேட்டது. ஆட்டத்தை விற்கிற கம்பெனியைப் பார்த்து! மோனோப்பலியில் ஒருவர் வேண்டாம் என்று விட்ட இடத்தை உடனே ஏலம் விட வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. ஏலம் விட்டு ஆடிய வீட்டை நான் பார்த்ததில்லை. நாமெல்லாம் ஆடிய 'பிசினஸ்' ஆட்டத்துக்கு உள்ளே தாள் என்று ஒன்று இருந்ததே பலருக்குத் தெரியாது. ஆடிக்கொண்டே இருக்கிற சனத்திடம் தாள் தோற்கும். ஆட்டம் நின்றுபோன இடத்தில்தான் அதற்கு சாமியாகும் பலம் வருகிறது. பல்லாங்குழி இப்போது அந்த இடத்தில் நிற்கிறது. ஆச்சிக்கும் பேத்திக்கும் நடுவில் அதை ஆடாத ஒரு தலைமுறை இருக்கிறது. அந்த இடைவெளியில் எங்கள் தாள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் நன்றாக இருக்கும். வாய்மொழி நல்லது, அச்சு கெட்டது. நம் முன்னோர் பேசிக்கொண்டார்கள், நாம் தாளைப் பார்க்கிறோம். இப்படி எழுதினால் பகிர்வதற்கும் ஆள் உண்டு. ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடி வளர்ந்தவள் நான். அங்கே 'பேசிக்கொள்வது' எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். கட்டை திண்ணை ஓரத்தில் சாய்ந்து நின்றால் என்ன கணக்கு? எங்கள் மாமா ஒருவருக்குச் சாய்ந்து நின்ற கட்டை செல்லும். அதே கட்டை எனக்குச் சாய்ந்து நின்றால், "திருப்பி உருட்டு பிள்ளே" என்பார். கேட்டால், "எப்பவும் இப்பிடித்தான்." எப்பவும் என்பது அவருடைய எப்பவும். பேசி முடிவு செய்வதற்கு இரண்டு பேரும் பேசக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். பத்து வயதுப் பெண்பிள்ளை திண்ணையில் அந்த இடத்தில் இல்லை. அன்றைக்கு என் கையில் ஒரு தாள் இருந்திருந்தால் அதைத் தூக்கி அவர் முன்னால் போட்டிருப்பேன். அது சிவகாசியில் யாரோ அடித்த தாளாக இருந்தாலும் சரி.

தாயம் என்ற சொல்லுக்கே இரண்டு பொருள். கட்டையில் விழும் ஒன்று ஒரு தாயம். பரம்பரையாக வரும் சொத்து இன்னொரு தாயம். இரண்டாவது தாயத்தை நாஞ்சில் நாட்டில் விளக்க வேண்டியதில்லை. இங்கே வெள்ளாளர் வீடுகளில் மருமக்கள்தாயம் இருந்தது. ஆண் சம்பாதித்தது அவன் சகோதரியின் மக்களுக்கு. அவன் கண்ணை மூடினால் மனைவியும் பெற்ற பிள்ளைகளும் மருமகன் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' என்று எழுதியது ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி தன் கதையைச் சொல்வதாகத்தான். பிறந்த வீட்டில் பெண்ணுக்கு ஓர் இடம் அந்த முறையில் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அந்த மனைவியின் நிலை? மருமகன் நல்லவனாக இருந்தால் அவளுக்குச் சோறு உண்டு. நல்லவனாக இல்லாவிட்டால் வழக்கம் வழக்கம்தான். 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டத்தைக் கொண்டுவந்து, பிள்ளைகளுக்கு உள்ளதைத் தாளில் எழுதியது. தயவாகக் கிடைத்து வந்தது அன்றிலிருந்து உரிமை ஆனது.

ஒரு விளையாட்டுத் தாளுக்கும் ஒரு சொத்துச் சட்டத்துக்கும் முடிச்சுப் போடுவது கொஞ்சம் அதிகப்படி என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது, இரண்டாம் முறை பூதப்பாண்டிக்குப் போகும்வரை.

பல்லாங்குழியில் ஒரு ஆட்டத்தில் தோற்றவளுக்கு அடுத்த ஆட்டத்தில் எல்லாக் குழியையும் நிரப்ப முத்து இருக்காது. நிரப்ப முடியாத குழியில் ஈர்க்குச்சி போட்டு மூடிவிடுவார்கள். தோற்றுக்கொண்டே போய், ஒரே ஒரு குழியை நிரப்பக்கூட முத்து இல்லை என்றால்? அப்போது குழிக்கு ஒன்றாக வைத்து ஆட விடுவார்கள். இதற்குக் கஞ்சி காய்ச்சுவது என்று பெயர். எவ்வளவு நல்ல பெயர் பாருங்கள். ஒன்றுமில்லாதவள் கஞ்சி காய்ச்சிக் குடித்து இன்னொரு நாள் தள்ளுகிறாள். சில வீடுகளில் ஜெயித்தவள் தன் முத்திலிருந்து கடனும் கொடுப்பாள். முதல் தாளில் இதையெல்லாம் நாங்கள் சேர்க்கவில்லை, இடம் இல்லை. இரண்டாம் பதிப்பில் சேர்க்கலாமா என்று கேட்கத்தான் போனேன்.

ஆச்சியும் அவர் தங்கையும் இருந்தார்கள். தங்கைக்கும் எழுபத்தைந்து இருக்கும். இரண்டு பேரும் ஒரே தெருவில் வாழ்க்கைப்பட்டவர்கள்.

"அதையெல்லாம் எழுதாதே மக்களே" என்றார் ஆச்சி. "எழுதிப் போட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு? பாவம்னு நெனச்சுக் குடுக்கதுலதான் இருக்கு. அவ கேட்டு வாங்கினா அது கஞ்சியா?"

நான் தலையாட்டினேன். உண்மையிலேயே அழகான பேச்சு. கட்டுரைக்கு ஆகும் என்றுகூட நினைத்தேன்.

தங்கை அதுவரை வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். உலக்கையை வைத்துவிட்டு, "எழுது மக்களே. பெருசா எழுது" என்றார். "இவ ஜெயிக்கப்பட்டவ, இவளுக்கென்ன. இஷ்டம் இருந்தா கஞ்சி ஊத்துவா. இஷ்டம் இல்லைன்னா முந்தானைல முத்தை அள்ளிக் கெட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவா. நான் எத்தனை மட்டம் வெறும்பலகையைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன் தெரியுமா?"

ஆச்சி சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. அறுபது வருடத்துக்கு முந்திய மத்தியானங்கள் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த வேலைக்கு வந்த பிறகு நான் கேட்ட பேச்சிலேயே கனமானது இதுதான். ஆச்சி சொன்னது பொய்யில்லை. கட்டாயத்தால் கொடுப்பதில் கொடுக்கும் மனதுக்கு வேலை இல்லை. எழுதப்படாத இடத்தில்தான் ஒருவர் பெரிய மனிதராக முடியும். ஆனால் அந்தப் பெருமை முழுக்க ஜெயித்தவளின் பக்கத்தில் இருக்கிறது. தோற்றவளுக்கு வேண்டியது இன்னொரு ஆட்டம். அதற்காக அவள் எதிரே இருப்பவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது, ஆட்டத்தில் தோற்றதைவிடப் பெரிய தோல்வி. 'வீட்டு வழக்கத்தின் நெகிழ்வு' என்று நான் ரசித்தது பாதி வீடுகளில் ஜெயிக்கிறவர்களின் நெகிழ்வாக இருந்திருக்கலாம். நாங்கள் போய்க் கேட்டது யாரிடம்? "அந்த அக்காவைக் கேளுங்க, அவங்கதான் நல்லா ஆடுவாங்க" என்று ஊரார் கை காட்டியவர்களிடம். தோற்றவர்களிடம் யாரும் எங்களை அனுப்பவில்லை.

எழுதும்போது எது விடுபடுகிறது என்பதற்கு மோனோப்பலியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் லிஸி மேகி என்ற பெண் 1904-இல் 'நிலக்கிழார் ஆட்டம்' என்ற ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். நிலத்தை வளைத்துப் போடுகிறவர்கள் எப்படி மற்றவர்களை ஓட்டாண்டி ஆக்குகிறார்கள் என்று காட்டத்தான் அவர் அதைச் செய்தார். அந்த ஆட்டத்துக்கு இரண்டு வகை விதிகள் இருந்தன. ஒன்றில் ஒருவர் எல்லாரையும் விழுங்கி ஜெயிப்பார். இன்னொன்றில் செல்வம் உண்டாகும்போது எல்லாருக்கும் பங்கு வரும். ஆட்டம் கை மாறி, ஊர் மாறி, மக்கள் தாங்களே பலகை வரைந்து ஆடினார்கள். அட்லாண்டிக் சிட்டிக்காரர்கள் தங்கள் தெருப் பெயர்களை அதில் எழுதினார்கள். அந்தப் பலகையைப் பார்த்துப் படியெடுத்த சார்ல்ஸ் டாரோ தன் கண்டுபிடிப்பு என்று 1935-இல் பார்க்கர் பிரதர்ஸுக்கு விற்றார். 'மார்வென் கார்டன்ஸ்' என்ற இடப்பெயர் அவர் பார்த்த பலகையில் 'மார்வின்' என்று இருந்தது; பெட்டியிலும் 'மார்வின்' என்றே வந்தது. காப்பியடித்த பையனைப் பிடிக்க வாத்தியாருக்கு இதைவிடத் தடயம் வேண்டுமா? கம்பெனி மேகியின் காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கிப் போட்டுக்கொண்டது. உலகத்துக்குப் போன பெட்டியில் இருந்தது விழுங்கும் விதி மட்டும்தான். பங்கு வரும் விதியை ஆடிய ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் யாருக்கும் பெரிய துணை இல்லை. ஆடும் முறை யாருக்கும் சொந்தமில்லை என்பதுதான் பொதுவான நிலை. ஸ்கிராபிளைப் போல் 'ஸ்கிராபுலஸ்' செய்த கொல்கத்தா சகோதரர்கள்மேல் மேட்டல் கம்பெனி தொடுத்த வழக்கில், தில்லி உயர்நீதிமன்றம் 2008-இல் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை போட்டது. பலகைக்குப் பதிப்புரிமை உண்டு என்ற வாதத்தை ஏற்கவில்லை. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும். ஆட்டம் காற்று மாதிரி இருக்கட்டும், பெயரையும் படத்தையும் மட்டும் வேலி போட்டுக்கொள். ஆனால் வேலி இல்லாத நிலத்தில் என்னவெல்லாம் முளைக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். எங்கள் தாளின் விதிகளைக் கிட்டத்தட்ட அப்படியே, அதே வரிசையில், வேறொரு பெட்டிக்குள் பார்த்தோம். அதில் எனக்குக் கோபமில்லை. நாங்களும் யாரிடமிருந்தோ வாங்கியதுதானே. என்னைப் படுத்தியது அதன் தலைப்பு: 'பண்டைத் தமிழரின் அசல் விதிமுறை'. அதற்குப் பிறகு இன்ஸ்டாகிராமில் ஒரு தம்பி இன்னும் ஒரு படி மேலே போனார். குழிக்கு ஐந்து முத்து ஏன் தெரியுமா, ஐந்திணை! பக்கத்துக்கு ஏழு குழி ஏன் தெரியுமா, ஏழு கிழமை! பல ஆயிரம் பேர் விரும்பியிருந்தார்கள். தம்பி, அது திணை இல்லை, சுருக்குப்பை என்று கீழே எழுதலாமா என்று யோசித்தேன். சித்தி மகள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

சுருக்குப்பை இரண்டே வருடத்தில் சங்ககாலம் ஆகிவிடும் என்றால், நாம் எப்பவும் இப்பிடித்தான் என்று தலைவணங்கும் எத்தனை விதிகள் யாருடைய பையின் அளவால் வந்தவையோ.

இரண்டாம் பதிப்பின் தாள் இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. மேல்பகுதியில் விதி இல்லை, கேள்விகள். குழிக்கு ஐந்தா ஆறா? எதிர்க்குழியையும் அள்ளலாமா? பசு யாருக்கு? ஆடும்முன் பேசி முடிவு செய்யவும். வயதில் சின்னவர் முதலில் சொல்லவும். அந்தக் கடைசி வரி என் மாமாவுக்காகப் போட்டது. கீழ்ப்பகுதியில், கட்டம் கட்டி, பெரிய எழுத்தில்: தோற்றவரிடம் ஒரு குழிக்குக்கூட முத்து இல்லையென்றால் குழிக்கு ஒன்றாக வைத்து ஆட்டத்தைத் தொடர வேண்டும், ஜெயித்தவர் எழுந்து போகக் கூடாது. இது மட்டும் பேசி மாற்றுவதற்கு இல்லை. பேசிக்கொள்ளட்டும் என்று விடும் துணிச்சல் ஐந்தா ஆறா என்பதில் எனக்கு இருக்கிறது, கஞ்சியில் இல்லை. இது முரண்தான் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எல்லா விதியும் பேச்சுக்குரியது என்றால் இதுவும் பேச்சுக்குரியதுதானே? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டுமானால் இரண்டு பேரும் பலகை முன்னால் இருக்க வேண்டும். ஒருத்தியை எழுப்பி அனுப்பிவிட்ட பிறகு யாரோடு பேசுவது?

பையில் இப்போது எண்பத்து நான்கு முத்து. பெட்டி விலை முப்பது ரூபாய் கூடியிருக்கிறது. கடைக்காரர்களுக்குக் கேள்வித்தாள் பிடிக்கவில்லை. "வெளாட்டு வாங்க வர்றவங்க பரீட்சை எழுத வரல மேடம்" என்று ஒருவர் ஆறு பெட்டியைத் திருப்பி அனுப்பினார். போனில் இன்னும் கேட்கிறார்கள்: "சரி, அதெல்லாம் இருக்கட்டும், உண்மையில எத்தனை போடணும்?" கேட்பவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஆடத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத வீட்டில், பேசி முடிவு செய்யுங்கள் என்பது கொஞ்சம் திமிர்த்தனமாகக்கூடக் கேட்கும். அவர்களிடம் ஐந்து என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்குப் பழகியதும் ஆறு போட்டுப் பாருங்கள் என்கிறேன்.

தாளின் அடியில் வட்டத்துக்குள் சி போடவில்லை. பத்தொன்பது வீட்டுக்காரர்களின் பெயரைப் போடலாம் என்று பார்த்தால் பலரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். பூதப்பாண்டித் தங்கை மட்டும் பெயர் வேண்டாம், ஒரு பெட்டி கொடு என்று வாங்கிக்கொண்டார். கட்டத்துக்குள் இருப்பதை அக்காவுக்கு உரக்க வாசித்துக் காட்டினாராம்.

பெட்டிக்குப் பத்து ரூபாய் வீதம், முதல் பெட்டியிலிருந்து கணக்கிட்டு, தனியே எடுத்து வைத்திருக்கிறோம். நோட்டில் அதற்கு ஆச்சிமார் கணக்கு என்று பெயர். சட்டப்படி யாருக்கும் நாங்கள் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை, 500 டாலர்கூட. இதுவரை 4,120 ரூபாய் சேர்ந்திருக்கிறது. பத்தொன்பதால் வகுத்தால் வீட்டுக்கு 216 ரூபாய் சொச்சம், பாதி வீடுகளுக்குப் போய்வர அதைவிட பஸ்காசு அதிகம். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. பன்னிரண்டு முத்து வைத்து ஆடிய வீட்டின் விதி எங்கள் தாளின் எந்தப் பகுதியிலும் இல்லை. அந்த வீட்டுக்குப் பங்கு உண்டா? உண்டு என்கிறேன் நான். அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் மற்றதை எடை போட்டோம். எடுக்காத சரக்குக்கு எதற்குக் காசு என்கிறாள் சித்தி மகள். கணக்கு எழுதுவது அவள்தான். அடுத்த வெள்ளிக்கிழமை ஆசாரி ஆடுபுலிப் பலகையோடு வருகிறார், அதற்கும் தாள் எழுத வேண்டும். அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் இதைப் பேசி முடித்தாக வேண்டும்.